கேமரா வந்தது, குத்துவிளக்கை எடுத்தது, கிளம்பிவிட்டது

கேள்வி: நான் கரூர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. மூன்று வருஷமாக அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ரோபோட்டிக்ஸ் போட்டி நடத்துகிறோம். போன வருஷம் 38 அணிகள் வந்தன. பதினொரு சேனல்களுக்குப் பிரஸ் நோட் அனுப்பினேன். ஒரே ஒரு சேனல் வந்தது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றியதையும் கேடயம் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ராத்திரி செய்தியில் 22 விநாடி வந்தது. அதில் ஒரு ரோபோகூட இல்லை. பிள்ளைகள் குடும்பத்தோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து ஏமாந்துபோனார்கள். இன்னொரு இடத்திலிருந்து பேசியவர் ‘பேக்கேஜ்’ என்று நாற்பதாயிரம் கேட்டார். வரும் ஜனவரியில் மறுபடி நடத்துகிறோம். டி.வி.யில் ஒழுங்காக வர என்ன செய்யவேண்டும்? நேரலை சாத்தியமா? தூர்தர்ஷனைக் கேட்கலாமா? பி.கு.: நடிகர் ஒருவரைக் கூப்பிட்டால் எல்லா சேனலும் வரும் என்கிறது எங்கள் நிர்வாகம். சரியா சார்?

– பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்த 22 விநாடியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. அதே மாதிரி 22 விநாடிகளை நானே எத்தனையோ தடவை வெட்டி அனுப்பியிருக்கிறேன். 24 வருஷம் தொலைக்காட்சியில் இருந்தவன். மாவட்டச் செய்தியாளனாக ஆரம்பித்து, சென்னையில் எந்தச் செய்திக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற அசைன்மென்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து, கடைசியில் விளையாட்டு நிகழ்ச்சித் தயாரிப்பில் முடித்தேன். அதனால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பள்ளிக்கு வந்தவர் தனி ஆள். கேமராவும் அவரே, செய்தியாளரும் அவரே, வண்டி ஓட்டியதும் அவரே. மாதச் சம்பளம் இல்லாத ஸ்ட்ரிங்கராக இருந்தால் ஸ்டோரி ஓடினால்தான் காசு. அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு மூன்று இடம் போகவேண்டியிருந்திருக்கும். அழைப்பிதழில் பத்தரை என்று போட்டிருப்பீர்கள், பத்தரைக்கு வந்திருப்பார். அப்போது மேடையில் என்ன நடந்தது? வரவேற்புரை, பொன்னாடை, குத்துவிளக்கு, வாழ்த்துரை. முதல் ரோபோ தரையில் உருண்டபோது மணி பன்னிரண்டாகியிருக்கும். அதற்குள் அவர் அடுத்த ஊரில் இருந்திருப்பார். கேடயம் கொடுத்ததை எடுத்தார் என்கிறீர்களே, அதுகூட விருந்தினர் அவசரமாகக் கிளம்பவேண்டும் என்று போட்டிக்கு முன்னாலேயே யாருக்கோ கொடுத்துவைத்த கேடயமாகத்தான் இருக்கும். சரியா?

அவர் பன்னிரண்டு மணி வரை இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. தரையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு வண்டி, அதைச் சுற்றிக் குனிந்து நிற்கிற நாற்பது தலை. எது யாருடைய ரோபோ, அது என்ன செய்யப் பார்க்கிறது, யார் ஜெயிக்கிறார்கள், எதுவும் வெளி ஆளுக்குப் புரியாது. புரியாத படத்தை டெஸ்க் ஓட்டாது. கேடயம் கொடுப்பது எல்லோருக்கும் புரியும், அது ஓடும். ஆகவே சேனலை எப்படி வரவைப்பது என்பதைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். வந்தவன் கண்ணுக்கு எதைக் காட்டப்போகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

இதில் ஜப்பான்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே ரோபோகான் என்ற மாணவர் போட்டியை 1988-இல் தொடங்கியதே என்.எச்.கே. என்ற பொதுத் தொலைக்காட்சிதான். டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மசாஹிரோ மோரி அதற்கு வித்திட்டவர். டெக்னிகல் காலேஜ் பிள்ளைகளுக்கான அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றை எங்கே நடத்துகிறார்கள் தெரியுமா? டோக்கியோவில் சுமோ மல்யுத்தம் நடக்கிற கொக்குகிகான் அரங்கில். ரோபோ போட்டியை அறிவியல் கண்காட்சியாக நினைக்காமல் மல்யுத்தம் மாதிரி நினைத்திருக்கிறார்கள். அதையே ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002-இல் நாடுகளுக்கு இடையிலான ஏபியு ரோபோகானாக விரித்தது. முதல் வருஷம் டோக்கியோ. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடு, நடத்துவது அந்த நாட்டுத் தொலைக்காட்சி. இந்தியாவில் அந்தப் பொறுப்பு தூர்தர்ஷனுடையது. புனேயில் 2008, 2014 என இரண்டு தடவையும், 2022-இல் டெல்லியிலும் நடந்தது.

நடத்துபவன் டி.வி.க்காரன் என்பதால் விதியும் டி.வி.க்கு ஏற்ற மாதிரியே எழுதப்படும். ஆட்டம் மூன்றே நிமிடம். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். ஒவ்வொரு வருஷமும் நடத்தும் நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு விளையாட்டோ பழக்கமோ கருவாக இருக்கும். 2008-இல் புனேயில் என்ன கரு? நம்ம ஊர் கிருஷ்ண ஜெயந்தி உறியடிதான். போட்டிக்கு ‘கோவிந்தா’ என்றே பெயர். உயரத்தில் தொங்குகிற பானையிலிருந்து ரோபோ வெண்ணெய் எடுக்கவேண்டும். டெல்லியில் 2022-இல் லகோரி, அதாவது கல்லை அடுக்கிவைத்துப் பந்தால் அடித்துக் கலைத்து மறுபடி அடுக்குகிற தெரு விளையாட்டு. மங்கோலியாவில் 2019-இல் அந்தக் காலத்துக் குதிரைத் தபால். நாலு கால் ரோபோ ஒன்று மேட்டில் ஏறித் தூதுவனின் அடையாளத் தகட்டை உயர்த்திப் பிடிக்கவேண்டும். அது நடந்த அந்த நொடியில் ‘ஊக்காய்’ என்ற கூவல், ஆட்டம் முடிந்தது. புள்ளிக் கணக்கே பார்க்கவேண்டாம்.

இதை எல்லாம் நான் ஏன் இழுக்கிறேன் என்றால், பானையிலிருந்து வெண்ணெய் எடுப்பதைச் சமையலறையில் நின்று எட்டிப் பார்க்கிற பாட்டிக்கும் புரியும். ‘லைன் ஃபாலோயர், ஜூனியர் கேட்டகிரி, ரவுண்ட் டூ’ என்றால் எங்கள் டெஸ்க்கில் இருந்த பி.டெக். படித்த பையனுக்கே புரியாது. உங்கள் போட்டியில் எத்தனை பிரிவு வேண்டுமானாலும் இருக்கட்டும். கேமராவுக்கென்று ஒரே ஒரு ஆட்டத்தை ஒதுக்குங்கள். அதற்கு நம்ம பெயர் வையுங்கள். உறியடி, பல்லாங்குழி, நெல் மூட்டை ஏற்றுவது, காவிரியில் பரிசல் கடப்பது. உங்கள் ஊரில் கொசுவலையும் வீட்டு ஜவுளியும் பஸ் பாடியும் இருக்கிறது. தறிக்கு நூல்கண்டு கொண்டுபோய்க் கொடுக்கிற ரோபோ என்றால் ஊரே வந்து பார்க்குமே. ஜெயித்தது யார் என்று விசில் ஊதும் முன்பே கண்ணால் தெரியவேண்டும். கொடி ஏறணும், மணி அடிக்கணும், பானை உடையணும். ஏதாவது ஒன்று.

ஆட்டக் களத்தைப் பற்றி. தரையில் வேண்டாம். இரண்டடி உயர மேடை போட்டு அதன் மேல் வையுங்கள். வெள்ளையோ வெளிர் மஞ்சளோ விரிப்பு இருக்கட்டும், கருப்புப் பலகையில் கருப்பு ரோபோ ஓடினால் படத்தில் ஒன்றுமே தெரியாது. ஒரு அணிக்குச் சிவப்பு டி-ஷர்ட், இன்னொன்றுக்கு நீலம். ரோபோ மேலேயும் அதே நிறத்தில் ஒரு கொடி. டீமைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றுக்கு வெளியே, தலைமையாசிரியர் உட்பட. நேரம் காட்டப் பெரிய கடிகாரம் ஒன்று. பழைய மானிட்டரை லேப்டாப்பில் மாட்டினால் போதும். கபடியை நினைத்துப் பாருங்கள். நாம் மண் தரையில் பார்த்த அதே கபடிதான். 2014-இல் புரோ கபடி வந்தபோது விரிப்பும் நிறமும் 30 விநாடி ரைடுக்குத் திரையில் ஓடுகிற கடிகாரமுமாகச் சேர்ந்து, கபடியே தெரியாதவனையும் உட்காரவைத்தது.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் அதில் நான் ஒரு பிள்ளையை அழவைத்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி விழா. பள்ளி மாணவர்களுக்கான லைன் ஃபாலோயர், அதாவது கோட்டைப் பிடித்துக்கொண்டே தானாக ஓடுகிற வண்டிகளின் இறுதிச் சுற்று. ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன். அவனுடைய வண்டி அதுவரை ஒரு தடவைகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. எங்களுக்கு நல்ல ஷாட் வேண்டும். கேமராமேன் முட்டி போட்டு உட்கார்ந்து, கேமரா மேலிருந்த ஹாலஜன் விளக்கைப் போட்டார். வண்டி வளைவுக்கு வந்தது, வெளிச்சத்துக்குள் நுழைந்தது, நேராகப் போய்ப் பலகையிலிருந்து கீழே விழுந்தது. பையன் எங்களைத்தான் பார்த்தான். அந்த வண்டிகள் கோட்டைக் கண்டுபிடிப்பது அகச்சிவப்புக் கதிரை வைத்து. ஹாலஜன் பல்பு அதே கதிரைக் கொட்டுகிறது. சென்சாருக்குக் கருப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, ஒரு மாணவி வந்து சொன்னாள். நடுவர் நல்லவர், மறுபடி ஓடவிட்டார். ஆனால் அந்தப் பையன் கை நடுங்கியதில் இரண்டாவது ஓட்டம் சரியாக வரவில்லை.

அதனால் அன்றைக்கு எந்த விளக்கு எரியப்போகிறதோ அதை முந்தின நாளே மாட்டி, அணிகள் அந்த வெளிச்சத்தில் சென்சாரைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். வருகிற கேமராக்காரர்களிடம் ‘விளக்கு போடாதீங்க அண்ணே, ரோபோ தப்பாப் போயிடும்’ என்று வாசலிலேயே ஒரு மாணவி சொல்லட்டும். கேட்டுக்கொள்வார்கள். காரணத்தைச் சொன்னால் அதையே ஸ்டோரியில் சேர்த்தாலும் சேர்ப்பார்கள். இதோடு இன்னொன்று: ப்ளூடூத்திலும் வைஃபையிலும் ஓடுகிற ரோபோக்களுக்குக் கூட்டத்தின் ஹாட்ஸ்பாட் பெரிய எமன். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்துகிற மாணவர் போட்டிகளில், அரங்குக்குள் அணிகள் சொந்த வைஃபை போடக்கூடாது என்று விதியே இருக்கிறது. நீங்களும் மைக்கில் நாலு தடவை சொல்லுங்கள்.

இப்போது செய்திக்கு வருவோம். போட்டி வேறு, செய்தி வேறு. 2017 ஜூலையில் வாஷிங்டனில் ஃபர்ஸ்ட் குளோபல் என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டி நடந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு அணிகள். அதில் உலகம் முழுக்க எல்லா சேனலிலும் வந்தது ஒரே அணி: ஆப்கானிஸ்தான் ஹெராத்திலிருந்து வந்த சிறுமிகள். அவர்களுக்கு இரண்டு தடவை விசா மறுக்கப்பட்டது, கடைசி நேரத்தில் அமெரிக்க அதிபர் தலையிட்டு அனுமதி கிடைத்தது. அவர்கள் ரோபோ என்ன செய்தது? சுத்தமான தண்ணீருக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் அடையாளமான பந்துகளைப் பிரித்தது. செய்தி பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கும்? விசா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் 38 அணியில் அப்படி இரண்டு மூன்று கதை இருக்கும். தறிப் பட்டறையில் கழற்றிப்போட்ட மோட்டாரை எடுத்து ரோபோ செய்த பிள்ளை, தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை செய்தவள், முந்தின நாள் ராத்திரி போர்டு கருகிப்போய்க் காலையில் போட்டி அணியிடமே கடன் வாங்கி ஓட்டியவர்கள். அதைக் கண்டுபிடித்து வைத்திருங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ‘ஏழை மாணவி சாதனை’ என்ற அச்சு எங்கள் தொழிலில் தயாராகவே இருக்கிறது, வந்தவர் குடிசையைக் காட்டு, அம்மாவை அழச்சொல் என்று கேட்பார். விடாதீர்கள். பிள்ளை பேசவேண்டியது தன் ரோபோவைப் பற்றி. பெற்றோரிடம் கேமரா அனுமதிக் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு வேறு நிற அடையாள அட்டை கொடுத்தால் கேமராக்காரருக்கும் சொல்வது சுலபம்.

யாரிடம் போவது? பதினொரு சேனலின் சென்னை மெயிலுக்கு அனுப்பியதை நான் குறை சொல்லமாட்டேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த மெயில் பெட்டியில் தினமும் வந்து விழுவதை யாரும் முழுக்கப் பார்ப்பதில்லை. உங்கள் ஆள் கரூரிலேயே இருக்கிறார். மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் இரண்டு பேரை நேரில் பாருங்கள். பிரஸ் நோட் ஐந்து வரி போதும், ‘மாபெரும்’, ‘பிரம்மாண்டமான’ எதுவும் வேண்டாம். நாளிதழில் போடுகிற மாதிரி எழுதாமல், எத்தனை மணிக்கு எதைப் படம் எடுக்கலாம் என்று எழுதுங்கள். ‘11.00 – உறியடி ரோபோ இறுதி ஆட்டம், மூன்று நிமிடம், பானை உடையும்’ என்று ஒரு வரி இருந்தால் நான் டெஸ்க்கில் இருந்தபோது ஆளை அனுப்பியிருப்பேன். அழைப்பிதழில் விளக்கேற்றல் பத்தரை என்று இருந்தால் அதை மாலைக்குத் தள்ளுங்கள். காலையில் வருகிறவன் முதலில் பார்ப்பது ரோபோவாக இருக்கட்டும்.

ஆட்சியர் வருவதாக இருந்தால் நல்லது, செய்தியாளர் எல்லோரும் கூடவே வருவார்கள். ஆனால் அவர் கையில் விளக்கேற்றும் மெழுகுவத்தியைக் கொடுக்காமல் ரிமோட்டைக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு ஒரு ஆட்டம் ஆடித் தோற்கட்டும். அந்தப் படம் கட்டாயம் ஓடும், அதில் ரோபோ இருந்தே தீரும்.

கிழமை முக்கியம். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். மக்கள் குறைதீர்க்கும் நாள், மாவட்டத்துச் செய்தியாளர் அத்தனை பேரும் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பார்கள். ஞாயிறு நல்ல நாள். அன்றைக்குச் செய்தி குறைவு, டெஸ்க்கே ஏதாவது நல்ல விஷயம் கிடைக்காதா என்று தேடும். ஜனவரியில் பொங்கலை ஒட்டிய நாட்களைத் தொடாதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அத்தனை கேமராவும் வாடிவாசலில் இருக்கும். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, அதாவது மார்கழி முடிவதற்குள் வைத்துக்கொண்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நேரலை கேட்டிருந்தீர்கள். சேட்டிலைட் சேனலில் மாவட்டப் பள்ளிப் போட்டி நேரலை வராது. ஃபர்ஸ்ட் போட்டிகள் 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி ஜிம்மில் 28 அணியோடு ஆரம்பித்து இன்றைக்குப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கின்றன. அவர்களுடைய ஆட்டங்களை மக்கள் பார்ப்பதும் பெரும்பாலும் ட்விட்ச் மாதிரியான இணைய ஒளிபரப்பில்தான், தன்னார்வலர்கள் பலர் உழைத்து நடத்துகிறார்கள். நீங்களும் சொந்த ஒளிபரப்பை உண்டாக்கிக்கொண்டு, அதை உங்கள் ஊர் கேபிள் சேனல்காரருக்குக் கொடுங்கள். அவருக்கு நாள் முழுக்க ஓட்ட விஷயம் கிடையாது, பழைய பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். 38 அணி என்றால் 38 ஊர்க் குடும்பங்கள், சந்தாதாரர்கள்தானே. சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

அந்த ஒளிபரப்பை யார் செய்வது? உங்கள் ஊர்க் கல்யாண வீடியோக்காரர். சிரிக்காதீர்கள். மூன்று கேமரா, மிக்ஸிங் யூனிட், கேமராவை உயரத் தூக்கிச் சுற்றுகிற ஜிம்மி ஜிப், எல்.இ.டி. திரை, யூடியூப் நேரலை எல்லாம் இன்றைக்கு அவரிடம் இருக்கிறது. கும்பாபிஷேகத்தை விடியற்காலை மூன்று மணிக்கு ஒழுங்காக நேரலை செய்கிற ஆளுக்கு உங்கள் போட்டி ஒரு விஷயமே இல்லை. மார்கழியில் அவருக்கு முகூர்த்தமே கிடையாது. அந்த நாற்பதாயிரத்தில் பாதிகூடக் கேட்கமாட்டார், அவர் பிள்ளை உங்கள் பள்ளியில் படித்தால் சாப்பாடு போட்டாலே போதும்.

அவரிடம் சொல்லவேண்டியது சில. இரண்டு கேமராவையும் களத்தின் ஒரே பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எதிர் எதிராக வைத்தால் இடமிருந்து வலம் போன சிவப்பு ரோபோ அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் வரும், பார்ப்பவன் குழம்பிப்போவான். ஒன்று மாடி வராந்தாவிலிருந்து முழுக் களத்துக்கு. இன்னொன்று ரோபோவின் கண் உயரத்துக்கு. மூன்றாவது இருந்தால் அது களத்தைப் பார்க்கவே வேண்டாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கட்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் ட்யூப் லைட் வெளிச்சம் படத்தில் அலை அலையாக ஓடும். கல்யாண மாண்டேஜ் மாதிரி ஸ்லோமோஷனும் பூ மழையும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிடுங்கள். யூடியூப் கணக்கில் நேரலையை முதன்முதலாகத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். போட்டி அன்று காலையில் திறக்க உட்காராதீர்கள். அரங்கில் சினிமாப் பாட்டு போடக்கூடாது. காப்பிரைட்டில் நேரலை நடுவிலேயே ஊமையாகிவிடும், சில நேரம் நின்றே போகும். மைக் செட்காரர் இதை நம்பமாட்டார். நாதஸ்வரம், பறை, மாணவர்களே வாசித்த எதுவும் போடலாம்.

வர்ணனைக்கு இரண்டு பேர். ஒருத்தி ரோபோ தெரிந்தவள். இன்னொருத்தன் ஒன்றும் தெரியாமல் வாயாடுகிறவன். ‘ஏன் அது அப்படியே நின்னுடுச்சு?’ என்று அவன் கேட்கணும், அவள் பத்து விநாடியில் பதில் சொல்லணும். ஆசிரியர்கள் யாரும் மைக்கைத் தொடவேண்டாம், நீங்கள் உட்பட. ஒரு வாரம் பழைய வீடியோவைப் போட்டுப் பேசிப் பழகட்டும். ரோபோ நின்றுபோகிற நேரம்தான் வர்ணனைக்கு உயிர். அது அடிக்கடி நடக்கும்.

வராத சேனலுக்கும் வழி இருக்கிறது. இறுதி ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பத்து ஷாட், ஒவ்வொன்றும் எட்டு பத்து விநாடி, படுக்கைவாட்டில். மேலே இசையோ எழுத்தோ பள்ளி லோகோவோ இருக்கக்கூடாது, இருந்தால் டெஸ்க் தொடாது. அரங்கச் சத்தம் அப்படியே இருக்கட்டும். ஜெயித்த பிள்ளையின் பைட், அதாவது கேமராவைப் பார்த்துப் பேசுகிற துண்டு, 15 விநாடி, தோற்ற பிள்ளையுடையது ஒன்று. அதுதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பெயர்களைத் தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கூடவே அனுப்புங்கள், திரையின் கீழே பெயர் ஓடுகிற ஆஸ்டனில் தப்பாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் படம் சுருங்கிப்போய்விடும். நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மாலைச் செய்திக்கு வாய்ப்பு உண்டு.

அந்த ‘பேக்கேஜ்’ விஷயம். அது விளம்பரம். விளம்பரம் என்று எழுதி ஓட்டினால் தப்பில்லை, செய்தி மாதிரி ஓட்டுவதாகச் சொன்னால் வேண்டாம். பள்ளிப் பணம் நாற்பதாயிரத்துக்கு எத்தனை மோட்டாரும் பேட்டரியும் வாங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற செய்தியாளருக்குக் கவர் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். நானும் ஆரம்பத்தில் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன், அதைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை. சாப்பாடு போடுங்கள், உட்கார நாற்காலியும் கேமராவுக்கு ஒரு ப்ளக் பாயின்ட்டும் கொடுங்கள்.

தூர்தர்ஷன்: டி.டி. ரோபோகான் பொறியியல் கல்லூரி அணிகளுக்கானது, பள்ளிக்கு இடமில்லை. உங்கள் பழைய மாணவர்கள் யாராவது கல்லூரி அணியில் இருந்தால் அவர்களை நடுவராகக் கூப்பிடுங்கள், அது தனி ஸ்டோரி. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆன சேனலின் சென்னை நிலையத்துக்கு, நிகழ்ச்சிப் பிரிவுக்கு, இரண்டு மாதம் முன்னால் கடிதமாகவே எழுதுங்கள். செய்திப் பிரிவுக்கு எழுதினால் அது வேறு வழியில் போய்விடும். அதைவிட உங்களுக்குப் பொருத்தம், பள்ளிக்கல்வித் துறை 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் போங்கள். முடித்த நிகழ்ச்சியாக அரை மணி நேரம் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். அப்புறம் திருச்சி வானொலியை மறந்துவிடாதீர்கள். ரோபோவை ரேடியோவில் எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். மோட்டார் சத்தமும், ‘அது இப்ப திரும்புது, திரும்புது, ஐயோ’ என்ற பன்னிரண்டு வயசுக் குரலும் போதும். நான் டி.வி.க்காரன், இருந்தும் சொல்கிறேன், அது எங்கள் படத்தைவிட நன்றாக இருக்கும்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. நடிகர் வந்தால் எல்லா சேனலும் வரும், நிர்வாகம் சொல்வது சரிதான். வந்து நடிகரிடம் அவருடைய அடுத்த படத்தைப் பற்றியும் கூட்டணி அரசியல் பற்றியும் கேட்டு எடுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் 2011 ஆகஸ்டில் ஃபர்ஸ்ட் போட்டி ஏ.பி.சி. சேனலில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக வந்தது, பாடகர் வில்.ஐ.ஆம் முன்னின்று செய்தார், இசைக் கச்சேரியும் இருந்தது. ஆனால் அவர் அந்தப் போட்டியில் மனசார ஈடுபாடு வைத்திருந்தவர், காசு வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் தலைகாட்டியவர் இல்லை. உங்கள் ஊரில் அப்படி மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிற நடிகர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள், முதல் நாளே வந்து பிள்ளைகளோடு தரையில் உட்காரட்டும். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்குக் களத்தை இரண்டடி உயர்த்துங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள் டீச்சர். வர்ணனை செய்யப்போகிற அந்த இரண்டு பிள்ளைகளின் பயிற்சி ஒலிப்பதிவை அனுப்பினால் கேட்டுச் சொல்கிறேன்.